கரெக்‌ஷன் சாரின் சிவப்புப் பேனா

வெள்ளைக்காரன் இந்த நாட்டைவிட்டுக் கிளம்பும்போது ரயிலை ஒருத்தரிடமும் தபாலை ஒருத்தரிடமும் ஜெயிலை இன்னொருத்தரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனான். தன் இலக்கணத்தை மட்டும் யாரிடமும் கொடுக்க மனசு வராமல், மன்னார்குடியில் எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க்கின் கையில் திணித்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்க வேண்டும். அந்த மனிதர் அதை ஒரு கமா குறையாமல் சர்வீஸ் முழுக்கக் காபந்து பண்ணினார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சர்வீஸ் புத்தகத்துக்கு மட்டும் தெரியும். ஆபீசிலும் கடைத்தெருவிலும் தெப்பக்குளத்தின் நாலு கரையிலும் அவர் பெயர் கரெக்‌ஷன் சார். வெள்ளைச் சட்டையின் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். நீலம் சர்க்காருடையது, சிவப்பு அவருடையது. சிவப்புப் பேனா ஒழுகும் பேனா. அதனால் அவருடைய எல்லாச் சட்டையிலும் நெஞ்சுக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு கறை. முதல் தடவை பார்க்கிறவர்கள் பதறிப்போய், "என்ன சார், எங்கயாச்சும் அடி பட்டுட்டா?" என்று கேட்பார்கள். "ஆமா, இன்னிக்கு வந்த தபாலைப் படிச்சேன்" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த ஆபீசுக்கு டைப்பிஸ்ட்டாகப் போனேன். நிலம், குத்தகை சம்பந்தமான வழக்குகளை விசாரித்து ஆர்டர் போடும் ஆபீஸ். என் அப்பா நாற்றுப் பறித்தும் கதிர் அறுத்தும் என்னைப் படிக்கவைத்தவர். எங்கள் தெருவில் முதல் சர்க்கார் உத்தியோகம் எனக்குத்தான். டைப்பிங் ஹையர் பாஸ் பண்ணிய திமிர் கொஞ்சம் இருந்தது. முதல் நாள் நான் அடித்துக் கொடுத்த கடிதம் அரை மணியில் திரும்பி வந்தது. காகிதத்துக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது.

"ஏம்மா, எந்த ஸ்கூல்ல படிச்ச?"

"கவர்ன்மெண்ட் ஸ்கூல் சார்."

"ஸ்கூல் மேல தப்பு இல்ல. உன் மேலயும் தப்பு இல்ல. இது மெஷின் பண்ற தப்பு. வேற மெஷின் வேணும்னு எழுதிப் போடறேன். அது வர்ற வரைக்கும் நீ கொஞ்சம் பார்த்து அடி."

வேறு மெஷின் கடைசிவரை வரவில்லை. நான்தான் பார்த்துப் பார்த்து அடித்தேன்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஜென்ம விரோதி. 'மோர் பெட்டர்.' பெட்டர் என்று சொன்னாலே அதற்குள் மோர் அடக்கம் என்பார். அதற்கு மேல் இன்னொரு மோர் போடுவது குடைக்குள் நின்றுகொண்டு இன்னொரு குடை பிடிக்கிற வேலை. மோர் பிக்கர், மோர் லாங்கர், மோர் வொர்ஸ் எல்லாமே அந்த விரோதியின் பங்காளிகள். காதில் விழுந்தால் பல்லில் மணல் கடிபட்டவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். வீட்டில் அவர் சம்சாரம் அவரிடம் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் பேசமாட்டாராம். அந்தக் குடும்பம் நிலைத்ததே அதனால்தான் என்பது எங்கள் ஆபீசின் ஏகமனதான கருத்து.

கடைத்தெருவில் ஒரு டெய்லர் இருந்தார். 'மோர் பெட்டர் ஸ்டிச்சிங்' என்று புதிதாக போர்டு எழுதி மாட்டினார். நம்மவர் பொங்கலுக்கு அந்தக் கடையில்தான் சட்டைத்துணி கொடுத்திருந்தார். போர்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்த மோரை அழிங்க. அப்பதான் சட்டையை வாங்குவேன்."

"பெயிண்டர் எழுதிட்டாருங்க. தச்ச சட்டை ரெடியா இருக்கு, போட்டுப் பாருங்க."

"மாட்டேன். இந்த போர்டுக்குக் கீழ வாங்கின சட்டை என் உடம்புல ஒட்டாது."

பொங்கல் போய் மாசி போய் பங்குனியும் வந்தது. சட்டை கடையில் தொங்கியது, சார் பழைய சட்டையோடு ஆபீஸ் வந்தார். தினமும் சாயங்காலம் கடைக்கு எதிரே ரெண்டு நிமிஷம் நின்று போர்டைப் பார்ப்பார். டெய்லருக்கு வியாபாரமே கெட்டது. கல்யாணத் துணியோடு வருகிறவர்கள், "யாரு அது, துக்கத்துக்கு வந்தவரு மாதிரி நிக்கிறாரு?" என்று கேட்டார்களாம். அப்போது ஊரெங்கும் தமிழ் போர்டு வைக்கும் வேகம். எங்கள் ஆபீஸ் நெற்றியிலேயே 'தமிழ் வாழ்க' என்று குழல்விளக்கு போட்டு எரியும். டெய்லரும் யோசித்தார். ஒரு காலையில் பழைய போர்டைக் கழற்றிவிட்டு, 'சிறந்த தையலகம்' என்று கொட்டை எழுத்தில் மாட்டிவிட்டார். "இப்ப வாங்க, திருத்துங்க!" என்று சவாலும் விட்டார். சார் அண்ணாந்து பார்த்தார். ஒற்று, புள்ளி எல்லாம் சரியாக இருந்தது. சட்டையை வாங்கிக்கொண்டு வந்தார். ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை. இருந்த ஒரு விரோதியும் ஊரைவிட்டுப் போய்விட்ட சோகம் அதில் தெரிந்தது.

இன்னொரு தடவை அவருக்கு டைபாய்டு. மூன்று வாரம் படுக்கை. லீவுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் எழுதினார். 'ஹி இஸ் மோர் வீக்கர் தேன் பிஃபோர்.' படுத்தபடியே தலையணைக்கு அடியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அடித்துத் திருத்தி, வேறு எழுதித் தரச்சொல்லித் திருப்பி அனுப்பினார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீர் பேஷண்ட்டா, எனக்கு வாத்தியாரா?"

டாக்டர் மாற்றி எழுதவில்லை. சார் அதை ஆபீசுக்குக் கொடுக்கவும் இல்லை. மூன்று வாரமும் சொல்லாமல் நின்றதாகக் கணக்கானது. "குடுத்திருக்கலாமே சார்" என்று கேட்டேன். "சர்ட்டிபிகேட்ல என் பேர் இருக்கும்மா. என் பேரும் அந்த வாக்கியமும் ஒரே காகிதத்துல இருக்கணுமா?" என்றார். இந்தப் பதிலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆபீசர் தங்கமான மனிதர். இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் தகரம். ஒரு ஐப்பசியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பயிரெல்லாம் முழுகியபோது, 'திஸ் இயர் ஃப்ளட் இஸ் மோர் வொர்ஸ்' என்று அவசர ரிப்போர்ட் அனுப்பிவிட்டார். அன்று பார்த்து கரெக்‌ஷன் சார் லீவு. மேலதிகாரி அதை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் இரண்டு தடவை வாசித்தாராம். வாடிய முகத்தோடு திரும்பி வந்த ஆபீசர் அன்றே ஒரு உத்தரவு போட்டார். இந்த ஆபீசில் இங்கிலீஷில் எழுதப்படும் எந்தக் காகிதமானாலும், ஹெட்கிளார்க் பார்த்துத் திருத்திக் கையெழுத்து வைத்த பிறகுதான் அவர் மேஜைக்கு வரவேண்டும். விதிவிலக்கே கிடையாது.

அதிலிருந்து என் பாடு திண்டாட்டமானது. மற்ற ஃபைலெல்லாம் தமிழுக்கு மாறியிருந்தாலும், வழக்கு ஆர்டர்கள் அப்பீலில் மெட்ராஸ் போகும் என்பதால் இங்கிலீஷில்தான் அடிப்போம். ஆபீசர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு டிராஃப்ட் அடிப்பேன். சார் சிவப்பு மையில் திருத்துவார். திரும்ப முதலிலிருந்து அடிப்பேன். ஒவ்வொரு தடவையும் ஐந்து கார்பன். சாயங்காலம் என் விரலைப் பார்த்தால் அடுப்புக்கரி விற்றவள் என்றுதான் சொல்வீர்கள்.

சாரின் வாழ்க்கையில் மிகப் பெரிய விபத்தும் இலக்கணத்தால்தான் வந்தது. அந்த வருஷம் அறுவடைக் கூலித் தகராறு முற்றி, ஊரில் ஊர்வலம் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். தடை உத்தரவை இங்கிலீஷில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தடையை மீறி ஒரு தெருவில் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. அடுத்த தெருவில் போலீஸ் வந்துகொண்டிருந்தது. நடுவில், சுவரோடு சுவராக நின்று, சார் சிவப்புப் பேனாவால் தடை உத்தரவைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஒரு கான்ஸ்டபிள் பாய்ந்து சட்டையைப் பிடித்தார். "கவர்ன்மெண்ட் நோட்டீஸைக் கிறுக்கறியா?"

"கிறுக்கலைய்யா, ரெண்டாவது வரியில..."

பிடித்து உலுக்கிய உலுக்கலில் பேனா சட்டைமேல் சாய்ந்து, மை முழுவதும் நெஞ்சில் கொட்டிவிட்டது. அதே நேரம் ஊர்வலம் முனை திரும்பியது. அவர்கள் கண்ணில் பட்டது, போலீஸ்காரர் கையில் சிக்கி நெஞ்சில் ரத்தம் வழிய நிற்கும் ஒரு வயசான மனிதர். "அடப்பாவிங்களா, பெரியவரைக் குத்திட்டானுவ!" என்று கூட்டம் பாய்ந்தது. முன்னால் வந்த வாட்டசாட்டமான ஒரு ஆள் குனிந்து, நெல் மூட்டையைத் தூக்குவது மாதிரி சாரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

"இறக்குய்யா! இது ரத்தம் இல்ல, மை!"

"பேசாதீங்க சார். பேசினா இன்னும் வரும்."

அரை மைல். அத்தனை வெயிலில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. தூக்கி வந்தவர் குனிந்து குனிந்து பார்த்து, "காயத்தக் காணுமே சார்!" என்று நிஜமாகவே கவலைப்பட்டாராம். அவர் பெயர் காத்தமுத்து. அதைச் சார் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாள் போய், விட்ட இடத்திலிருந்து நோட்டீசையும் திருத்தி முடித்தார்.

அதற்கு அடுத்த வருஷம் மார்கழிக் கடைசியில் எங்கள் ஆபீசுக்கு ஒரு வழக்கு தீர்ப்புக்கு வந்தது. எதிர்மனுதாரர் அதே காத்தமுத்து.

விஷயம் இதுதான். காத்தமுத்து சாகுபடி செய்துகொண்டிருந்த நிலம் ரெண்டு ஏக்கர், எங்கள் பக்கத்துக் கணக்கில் ஆறு மா. அவர் அப்பா காலத்திலிருந்து வாய்வார்த்தையில் நடந்த குத்தகை. சொந்தக்காரர் மெட்ராஸில் இருந்தார். அவருக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட காரியஸ்தர், காத்தமுத்து குத்தகைக்காரரே இல்லை, வெறும் கூலியாள் என்று மனுப் போட்டிருந்தார். காத்தமுத்து கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கையில் அப்போது இருந்ததில்லை. "நான் என்னம்மா பண்றது, காகிதம் இல்லையே" என்று ஆபீசர் என்னிடமே வருத்தப்பட்டுக்கொண்டுதான் வெளியேற்ற ஆர்டரைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். என் அப்பாவை யாரோ வரப்பிலிருந்து இறங்கச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு.

நிலத்தில் சம்பா நின்றது. ஆர்டரில் கையெழுத்தாகி நகல் காரியஸ்தர் கைக்குப் போய்விட்டால் மறுநாளே போலீசோடு இறங்கிவிடுவார். நிற்கிற கதிரும் அவருக்குத்தான். அதற்குள் அறுத்துவிட்டால் நெல்லாவது காத்தமுத்து வீட்டுக்குப் போகும். இது காரியஸ்தருக்கு நன்றாகத் தெரியும். அதனால் தினமும் பத்து மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். காத்தமுத்துவும் வருவார். உள்ளே வராமல் வாசல் புங்கமரத்தடியில் நிற்பார்.

"பாப்பா, ஆர்டரு வந்துட்டா?"

"இன்னும் இல்லண்ணே."

"கதிரு தலை சாஞ்சுட்டுது. ஆனா இன்னும் பால் வத்தல. இப்ப அறுத்தா பதருதான் மிஞ்சும். வெளைஞ்சது வீட்டுக்கு வரலன்னா, புள்ளைவோ வருசம் பூரா எதைத் திங்கிறது பாப்பா?"

நான் முதல் டிராஃப்ட்டை சார் மேஜையில் வைத்தேன். படித்தார். பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் நிறுத்தினார். ஜன்னல் வழியாகப் புங்கமரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, நீ கிராமத்துப் பொண்ணுதானே. தலை சாஞ்ச கதிர் முத்தறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

சாருக்கு நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. டிராஃப்ட்டில் 'ஸ்டாண்டிங் கிராப்' என்று ஒரு இடத்தில் வருகிறதே, அதைத் திருத்தத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"பன்னண்டு நாளாச்சும் ஆகும் சார்."

"ம்" என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

முதல் டிராஃப்ட்டில் ஒன்பது பிழை. அத்தனையும் நியாயமானவை. ஐந்து ஆபீசருடையது, நாலு என்னுடையது. திரும்ப அடித்தேன். இரண்டாவதில் ஆறு. அதில் பாதி எனக்குப் புரியவில்லை. மூன்றாவது திரும்பி வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. முதல் டிராஃப்ட்டில் அவரே திருத்தியதை இப்போது அடித்துவிட்டுப் பழையபடி எழுதியிருந்தார்.

"சார், இது நீங்களே போட்டதுதானே? அன்னிக்குச் சரின்னீங்களே."

"அன்னிக்குச் சரி. இன்னிக்குத் தப்பு."

நடுவில் பொங்கல் வந்து மூன்று நாள் ஆபீஸ் மூடியது. திறந்த அன்று காலையிலேயே காரியஸ்தர் கரும்பைத் தின்ற வாய்கூடக் கழுவாமல் வந்து நின்றார்.

"என்னங்க இது, நாலு பக்க ஆர்டரை டைப் அடிக்க இத்தனை நாளா?"

"மெட்ராஸ் வரைக்கும் போற காகிதம்ங்க. உங்க முதலாளி பேரு இதுல ஏழு இடத்துல வருது. பக்கத்துல பிழை இருந்தா சிரிக்கப்போறது அவரைத்தான். பரவால்லன்னா சொல்லுங்க, இப்பவே விட்டுடறேன்."

காரியஸ்தர் பெஞ்சுக்குத் திரும்பினார்.

நாலாவது டிராஃப்ட் என் கைக்கு வந்தது. நிலச் சொந்தக்காரரின் உரிமையே வலுவானது என்று ஒரு வாக்கியம். அதில் 'ஸ்ட்ராங்கர்' என்று சுத்தமாக அடித்திருந்தேன். அதற்கு முன்னால், சிவப்பு மையில், சாரின் முத்து முத்தான கையெழுத்தில், 'மோர்' என்று சேர்த்திருந்தது.

நான் காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டு மாசம் புதுச் சட்டையில்லாமல் இருந்தவர். மூன்று வாரச் சர்ட்டிபிகேட்டை வேண்டாம் என்றவர். அவர் தலை நிமிரவில்லை. பேனா முனையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஒரு வார்த்தை எழுதியதற்கு அவ்வளவு துடைக்க வேண்டியதில்லை.

"நான் எழுதினதை எழுதினபடி அடிம்மா" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

அப்போதுதான் அந்தப் பன்னிரண்டு நாள் கேள்வி எனக்கு உறைத்தது. அடித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நிதானமாக நான் டைப் அடித்ததில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நெல் முத்தும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அடித்தேன்.

ஐந்தாவது டிராஃப்ட்டைப் படித்த சார், காரியஸ்தர் காது கிழிகிற மாதிரி மேஜையைத் தட்டி எழுந்தார்.

"மோர் ஸ்ட்ராங்கரா? யாரு இந்த அநியாயத்தைப் பண்ணினது?"

"நான்தான் சார்" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

"இந்த ஆபீஸ்லயா? என் கண்ணு முன்னாடியா? கிழிச்சுப் போடு! முதல்லேருந்து அடி!"

சர்வீசில் வாங்கிய திட்டிலேயே நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடியது அந்த ஒரு திட்டுக்குத்தான். நான் கிழிக்கவில்லை, பழைய டிராஃப்ட்டுகளையெல்லாம் அப்படியே குப்பைக்கூடையில் போட்டேன். அது என் புத்தி.

பதின்மூன்றாம் நாள் காலை காத்தமுத்து முதல் தடவையாகப் படியேறி உள்ளே வந்தார். கையெல்லாம் அறுப்புச் சுணை. தலைத்துண்டில் வைக்கோல் ஒட்டியிருந்தது.

"சார், நேத்தும் முந்தாநாளும் ஆள் விட்டு அறுத்துட்டோம். நெல்லு வீடு வந்து சேந்துட்டுது."

சார் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அதை எங்கிட்ட எதுக்குய்யா சொல்ற? போய் வேலையைப் பாரு. இங்க ஆர்டர் படிச்சிட்டிருக்கேன்ல."

அரை மணியில் ஆறாவது டிராஃப்ட்டில் கையெழுத்து வைத்தார். அதில் ஒரு பிழை கிடையாது. ஆபீசரும் கையெழுத்திட்டார். நிலம் கையைவிட்டுப் போனது. ஆனால் அந்த வருஷத்துச் சம்பா காத்தமுத்து வீட்டில்தான் வெந்தது.

காரியஸ்தர் சும்மா விடுகிற ஆள் இல்லை. வயலில் அறுத்த தாள்கட்டையைப் பார்த்துவிட்டு வந்தவர், நேரே ஆபீசர் அறைக்குப் போனார். மடியிலிருந்து ஒரு கசங்கிய காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கிய நாலாவது டிராஃப்ட். வக்கீலிடம் காட்டி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஆபீசர் சாரைக் கூப்பிட்டார். நோட்டும் பென்சிலுமாக நானும் அறையில் இருந்தேன்.

"இது உங்க கையெழுத்துதானே? மோர் ஸ்ட்ராங்கர்னு நீங்களா எழுதினீங்க?"

தெரிந்தே எழுதினேன் என்று சார் சொன்னால் வேண்டுமென்றே ஆர்டரைத் தாமதப்படுத்திய குற்றம். அவருக்கு வேலை போகும், கூடவே எனக்கும். அறுத்த நெல்லையும் கூட்டுச்சதி என்று சொல்லி ஜப்தி பண்ணுவார்கள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சார் முந்திக்கொண்டார்.

"நான்தாங்க எழுதினேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, குடுத்ததை அடிச்சுது. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாப் போதாதுங்க. சரி பண்ண சரி பண்ணத் தப்பாப் போயிட்டு. அதான் இத்தனை நாள் ஆச்சு."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி அவரையே பார்த்தார். அவருக்குப் புரிந்ததா, புரியாத மாதிரி இருந்துவிட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. காரியஸ்தர், "அப்ப ஆக்‌ஷன் எடுங்க" என்று நாற்காலியைவிட்டு நகராமல் இருந்தார். ஆபீசர் என்னைப் பார்த்து மெமோ சொல்ல ஆரம்பித்தார். இங்கிலீஷ் அறிவு போதாமையால் தாமதம் என்று சர்வீஸ் புத்தகத்தில் ஏறும் மெமோ. அடுத்த வருஷம் சாருக்கு வரவேண்டிய பிரமோஷன் அதோடு போய்விடும். 'ஹிஸ் இங்கிலீஷ் இஸ் மோர் வொர்ஸ் தேன் எ ஜூனியர்' என்றார் ஆபீசர். எழுதிக்கொண்டேன். வெள்ளத்தில் போன அதே மோர் வொர்ஸ்.

டிராஃப்ட் அடித்தேன். அடித்த பிறகுதான் உறைத்தது, இதுவும் இங்கிலீஷ் காகிதம். ஹெட்கிளார்க் பார்க்காமல் ஆபீசர் மேஜைக்குப் போகக்கூடாது. விதிவிலக்கே கிடையாது. வேறு வழியில்லாமல் அதைக் கொண்டுபோய்ச் சார் மேஜையிலேயே வைத்தேன்.

படித்தார். நாலு பிழை இருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாதா? பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனா பையிலிருந்து வெளியே வந்தது. மூடி திறந்தது. முனை அந்த மோருக்கு மேலே போய் நின்றது.

"திருத்திடுங்க சார்" என்றேன். தாங்க முடியாமல்தான் சொன்னேன். "உங்க பேரு இருக்கற காகிதம் சார் இது."

"திருத்தலாம்மா" என்றார். "இவ்வளவு தெரிஞ்சவன் அன்னிக்கு மட்டும் ஏன் தப்பா எழுதினான்னு கேப்பாங்களே. அப்புறம் அந்த ஆள் வீட்டு நெல்லுக்கு யாரு பதில் சொல்றது?"

சிவப்புப் பேனாவை மூடிப் பையில் செருகினார். நீலப் பேனாவை எடுத்தார். அடியில், அதே முத்து முத்தான எழுத்தில், 'நோ கரெக்‌ஷன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதுவரை எந்தக் காகிதத்திலும் அவர் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு. அப்படியே அடி" என்றார்.

ஐந்து கார்பன் வைத்து அப்படியே அடித்தேன். கண்ணீர் விழுந்து மேல்தாளில் மை ஊறிவிட்டது. எடுத்துப் போட்டுவிட்டு, புதுத்தாள் வைத்து இன்னொரு தடவை அடித்தேன். சார் திருப்பி அனுப்பாமல், நானாகவே இரண்டாம் தடவை அடித்த காகிதம் என் சர்வீசில் அது ஒன்றுதான்.